சமுதாயக் கல்லூரி மாணவர் வானொலியின் பண்பலை உரிமத்தை விற்றுவிட்டு இணையத்தில் மட்டும் ஒலிபரப்பலாமா?

கேள்வி: மாணவ நிலைய மேலாளர், கலிஃபோர்னியா

அனைவருக்கும் வணக்கம். கலிஃபோர்னியாவில் உள்ள ஓர் ஈராண்டுச் சமுதாயக் கல்லூரியில் படித்துவரும் மாணவன் நான். கல்லூரியின் மாணவர் வானொலிக்கு இந்தப் பருவம் முதல் நிலைய மேலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறேன். வணிக நோக்கமற்ற கல்வி ஒலிபரப்புக்கென 88.1 முதல் 91.9 மெகாஹெர்ட்ஸ் வரை ஒதுக்கப்பட்டுள்ள பகுதியில் இயங்கும் சிறிய பண்பலை நிலையம் எங்களுடையது. நிகழ்ச்சி அட்டவணை போடுவது, புதிதாக வரும் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பார்த்து எவை ஒலிபரப்புக்கு உகந்தவை என்று குறித்துவைப்பது, ஒலிவாங்கிக்கு முன் அமர்வது, பணிக் குறிப்பேட்டில் கையெழுத்திடுவது என எல்லாவற்றையும் மாணவர்களே செய்கிறோம். ஆலோசகராக ஓர் ஆசிரியர் இருக்கிறார். பொறியாளர் ஒருவர் ஒப்பந்த அடிப்படையில் அவ்வப்போது வந்து பார்க்கிறார். ஞாயிறு காலையில் இந்த ஊர்த் தமிழர்கள் சிலர் தன்னார்வலர்களாகத் தமிழ் நிகழ்ச்சி ஒன்றையும் நடத்தி வருகிறார்கள்.

சென்ற மாதம் நிர்வாகத்திடமிருந்து ஒரு யோசனை வந்தது. பண்பலை உரிமத்தை ஒரு பொது வானொலி வலையமைப்புக்கு விற்றுவிட்டு, மாணவர்கள் இணைய வானொலியும் வலையொலியும் நடத்திக்கொள்ளட்டும் என்பதே அது. அலைபரப்பி பழையதாகிவிட்டது, கோபுர வாடகை ஏறுகிறது, அரசு விதிகளுக்கான ஆவண வேலையைச் செய்ய ஆளில்லை, இளைஞர்களிடம் வானொலிப் பெட்டியே இல்லை என்பவை அவர்கள் சொல்லும் காரணங்கள். இவற்றில் எதையும் பொய்யென்று என்னால் தள்ள முடியவில்லை. ஆனாலும் இந்த நிலையத்தில்தான் நான் முன்பின் தெரியாத ஒருவரிடம் நேர்காணல் எடுக்கவும், எதிர்பாராத அமைதி விழும்போது பதறாமல் அதை நிரப்பவும் கற்றுக்கொண்டேன் என்பதால், கேட்காமலேயே தலையசைக்க மனம் ஒப்பவில்லை.

உரிமம் போனால் உண்மையில் எதை இழப்போம், பின்னாளில் மனம் மாறினால் அதைத் திரும்பப் பெற முடியுமா, முடிவெடுக்கும் இடத்தில் மாணவர்களால் என்ன செய்ய முடியும் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன். அடுத்த ஆண்டு நான் நான்காண்டுப் பல்கலைக்கழகத்திற்கு மாறிச் சென்றுவிடுவேன். என் குழுவில் பெரும்பாலோர் நிலையும் அதுவே.

மறுமொழி 1: முன்னாள் நிகழ்ச்சி இயக்குநர்

தம்பி, வேறொரு மாநிலத்தில் கல்லூரி வானொலியில் சில ஆண்டுகள் நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை, ஏனெனில் மற்றவை அதைப் பொறுத்தே அமைகின்றன. விற்ற உரிமத்தைத் திரும்பப் பெறுவது நடைமுறையில் இயலாத காரியம்.

உரிமம் வழங்கும் எஃப்.சி.சி. எனப்படும் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம், வணிக நோக்கமற்ற முழுத்திறன் பண்பலை நிலையங்களுக்கான விண்ணப்பங்களை எப்போதும் ஏற்பதில்லை. அதற்கெனக் குறிப்பிட்ட நாட்களை அறிவிக்கும்போது மட்டுமே விண்ணப்பிக்கலாம். 2007 அக்டோபரில் ஒருமுறை அப்படி வாய்ப்புத் தந்தது. அடுத்த வாய்ப்பு 2021 நவம்பரில்தான் வந்தது. அதிகபட்சம் 100 வாட் திறனுள்ள குறைதிறன் நிலையங்களுக்கு 2000, 2013, 2023 ஆகிய ஆண்டுகளில் விண்ணப்பக் காலங்கள் திறந்தன. வாய்ப்பு வந்தாலும், கலிஃபோர்னியாவின் பெருநகரங்களைச் சுற்றியுள்ள பகுதிகளில் மற்ற நிலையங்களுக்கு இடையூறு செய்யாத காலி அலைவரிசை கிடைப்பது மிக அரிது. இன்று உங்கள் கையில் இருப்பது, அலைவரிசைகள் நிரம்பாத காலத்தில் யாரோ சில ஆசிரியர்கள் முன்யோசனையோடு வாங்கி வைத்த இடம்.

நடந்தவற்றைப் பாருங்கள். ஹூஸ்டனில் ரைஸ் பல்கலைக்கழக மாணவர்கள் வளர்த்தெடுத்த கே.டி.ஆர்.யு. நிலையம் 50,000 வாட் திறனோடு 91.7இல் ஒலித்துக்கொண்டிருந்தது. 2010இல் பல்கலைக்கழகம் அதை 95 லட்சம் டாலருக்கு விற்பதாக அறிவித்தது, 2011இல் அலைவரிசை கைமாறியது. அந்த மாணவர்கள் விடாமல் இணையத்தில் நடத்தி, 2015இல் குறைதிறன் நிலையமாகப் பண்பலைக்குத் திரும்பினார்கள். அவர்களின் விடாமுயற்சியை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் 50,000 வாட் எங்கே, 100 வாட் வரம்பு எங்கே? குறைதிறன் நிலையம் தெளிவாகக் கேட்பது சுமார் 5, 6 கிலோமீட்டர் தொலைவுக்குத்தான். உங்கள் மாநிலத்திலேயே சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் கே.யு.எஸ்.எஃப். ஒலிபரப்பு 2011 ஜனவரி 18 அன்று முன்னறிவிப்பில்லாமல் நிறுத்தப்பட்டது, 37.5 லட்சம் டாலருக்கு விற்பனை பேசி முடித்த பிறகே மாணவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் செய்தி தெரிந்தது. உங்களிடம் முன்கூட்டியே யோசனையாக வந்திருப்பதை ஒரு நல்வாய்ப்பாகக் கருதுங்கள்.

விற்பனை மட்டுமே ஆபத்து என்றும் எண்ண வேண்டாம். உரிமத்தைக் கல்லூரியே வைத்துக்கொண்டு, நிலையத்தை நடத்தும் பொறுப்பை வெளி அமைப்பிடம் ஒப்படைக்கும் வழியும் உண்டு. பாசடீனா நகரக் கல்லூரி 2000ஆம் ஆண்டு தன் 89.3 நிலையத்தை அப்படித்தான் ஒப்படைத்தது; அது இன்று தென் கலிஃபோர்னியாவின் முக்கியமான செய்தி வானொலி. சாண்டா மோனிகா கல்லூரியின் கே.சி.ஆர்.டபிள்யூ. நிலையமும் தொழில்முறைப் பணியாளர்களால் நடத்தப்படும் புகழ்பெற்ற பொது வானொலிதான். கேட்பவர்களுக்கு இவை நல்ல நிலையங்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் முதல்முறை ஒலிவாங்கியைத் தொடும் பத்தொன்பது வயது மாணவிக்கு அங்கே நள்ளிரவு நேரம்கூடக் கிடைக்காது. ஆகவே நிர்வாகம் 'விற்கவில்லை, கூட்டு மேலாண்மை மட்டுமே' என்று சொன்னால், மாணவர்களுக்கு எந்தெந்த மணிநேரங்கள் மிஞ்சும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். உரிமம் மாணவர் சங்கத்தின் பெயரிலோ நிலையத்தின் பெயரிலோ இருக்காது. உங்கள் சமுதாயக் கல்லூரி மாவட்டத்தின் பெயரில் இருக்கும், அதன் அறங்காவலர் குழுவே முடிவெடுக்கும். அந்தக் குழுவினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். தனியார் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இல்லாத பெரிய வசதி இது. கலிஃபோர்னியாவின் பிரவுன் சட்டப்படி அவர்களுடைய வழக்கமான கூட்டத்தின் பொருள்நிரல் 72 மணி நேரத்திற்கு முன்பே வெளியிடப்பட வேண்டும், பொதுமக்கள் பேசவும் நேரம் தர வேண்டும். பொருள்நிரலை வாராவாரம் பார்ப்பதற்கென்றே குழுவில் ஒருவரை நியமியுங்கள்.

விற்பனை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு எஃப்.சி.சி.யிடம் முறையிட்டுத் தடுக்கலாம் என்று சிலர் உங்களுக்கு நம்பிக்கை தரக்கூடும். பொது அறிவிப்பு வந்த 30 நாட்களுக்குள் எதிர்ப்பு மனு கொடுக்க வழி இருப்பது உண்மைதான். ஆனால் ஒரு நிலையம் என்ன வகை நிகழ்ச்சி தர வேண்டும் என்பதில் தலையிடுவதில்லை என்பது ஆணையத்தின் நெடுநாளைய நிலைப்பாடு. 1981இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. 'மாணவர் நிகழ்ச்சிகள் போய்விடும்' என்ற வாதம் அங்கே எடுபடாது. கே.யு.எஸ்.எஃப். ஆதரவாளர்கள் ஓராண்டுக்கு மேல் போராடியும் 2012இல் விற்பனைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. எனவே உங்கள் முழு முயற்சியையும் அறங்காவலர் குழுவின் முன்னிலையில், ஒப்பந்தத்திற்கு முன்பே வையுங்கள்.

மறுமொழி 2: ஒலிபரப்புப் பொறியாளர்

மேலே நண்பர் எழுதியது முழுக்கச் சரி. அதோடு, உரிமம் யாரும் விற்காமலேயே கைநழுவக்கூடியது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சிறு கல்லூரி நிலையங்கள் சிலவற்றுக்கு ஒப்பந்தப் பொறியாளராக இருப்பதால் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

வணிக நோக்கமற்ற பண்பலை நிலையம் வாரத்திற்குக் குறைந்தது 36 மணி நேரம் ஒலிபரப்ப வேண்டும். வாரத்தில் ஆறு நாட்களாவது, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். கல்வி நிறுவனங்களின் நிலையங்களுக்கு அதிகாரபூர்வ விடுமுறை நாட்களில் இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் நாள்தோறும் 12 மணி நேரத்திற்குக் குறைவாக ஒலிபரப்பும் நிலையத்தின் அலைவரிசையில் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று வேறோர் அமைப்பு விண்ணப்பிக்க விதியில் இடமிருக்கிறது. பத்து நாட்களுக்கு மேல் ஒலிபரப்பு நின்றால் ஆணையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்; முப்பது நாட்களுக்கு மேல் நீடித்தால் அனுமதி பெற வேண்டும். பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து மௌனமாக இருந்தால் உரிமம் தானாகவே காலாவதியாகிவிடும். 'கோடை முழுக்க அணைத்து வைப்போம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று யாரேனும் சொன்னால் அதன் கணக்கு எங்கே முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆவண வேலைக்கு ஆளில்லை என்று நிர்வாகம் சொல்கிறது அல்லவா? அந்த வேலை எவ்வளவு என்று பாருங்கள். 2018 மார்ச் முதல் எல்லா வானொலி நிலையங்களின் பொதுக் கோப்பும், அதாவது பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டிய ஆவணத் தொகுப்பும், எஃப்.சி.சி. தளத்தில்தான் இருக்கிறது. அதில் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, அதாவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் 10ஆம் தேதிக்குள், ஊர் நலன் சார்ந்து நீங்கள் ஒலிபரப்பிய நிகழ்ச்சிகளின் பட்டியலை ஏற்ற வேண்டும். என்ன பிரச்சினை, எந்த நிகழ்ச்சி, எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், என்ன பேசப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வரிகள் போதும். வாடகை உயர்வு குறித்து வாடகைதாரர் சங்கத்தாருடன் அரை மணி நேரம் உரையாடிய மாணவர் அன்றைக்கே அந்த மூன்று வரிகளை எழுதிவைத்துவிட்டால், காலாண்டு முடிவில் ஒரு மாலை நேரத்தில் பட்டியல் தயாராகிவிடும். யாரும் எழுதிவைக்காமல் போனால்தான் அது மலையாகத் தெரிகிறது. மாணவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள் என்பது ஆணையத்திற்கும் தெரியும். அதனால்தான் மாணவர்களே நடத்தும் நிலையங்களின் முதல் ஆவணத் தவறுகளைத் தண்டத்தொகை குறைத்து, திருத்தத் திட்டத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்று 2013இல் முடிவு செய்தது. ஆனால் அந்தச் சலுகை முதல் முறைக்கு மட்டுமே.

கலிஃபோர்னியா வானொலி உரிமங்கள் எட்டாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. அடுத்து அவை முடிவடையும் நாள் 2029 டிசம்பர் 1. அப்போது பொதுக் கோப்பில் இடைவெளி இருந்தால் கேள்வி வரும். இன்றே உங்கள் நிலையத்தின் பக்கத்தைத் திறந்து எந்தெந்தக் காலாண்டுகள் இருக்கின்றன என்று பாருங்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், கடவுச்சொல் தேவையில்லை.

பழைய அலைபரப்பி பற்றி ஒரு சொல். பழையது என்பதும் பழுதானது என்பதும் வேறு. முகப்பில் இரண்டு அளவுகளைக் காணலாம்: கோபுரத்தை நோக்கிச் செல்லும் திறன் ஒன்று, அங்கிருந்து திரும்பி வரும் திறன் மற்றொன்று. திரும்பும் திறன் மழை பெய்த மறுநாளெல்லாம் ஏறினால், பெரும்பாலும் கோளாறு அலைபரப்பியில் இருக்காது. கம்பி வடத்தின் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு புதுக் கருவியின் விலையில் சிறு பங்கே. இந்த இரண்டு எண்களையும் நாள்தோறும் குறித்துவைக்கும்படி ஒரு மாணவருக்குச் சொல்லுங்கள். 'பழையதாகிவிட்டது' என்ற சொல்லுக்கு எதிராக ஆறு வாரக் குறிப்பை மேசையில் வைக்க முடிந்தால் பேச்சின் திசையே மாறும்.

கேள்வி கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. பொதுக் கோப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கிவிட்டோம், பொருள்நிரலைக் கவனிக்கவும் ஒருவர் முன்வந்திருக்கிறார். இணையத்திற்கு மாறினால் விதிகளே இல்லை, செலவும் இல்லை என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அது சரிதானா? குறிப்பாக ஞாயிறு தமிழ் நிகழ்ச்சிக்கு என்ன ஆகும் என்று அதை நடத்துபவர்கள் கவலைப்படுகிறார்கள்.

மறுமொழி 3: தமிழ் நிகழ்ச்சி அறிவிப்பாளர்

விதிகளே இல்லை என்பது தவறான தகவல். சில இடங்களில் இணையத்தின் விதிகள்தாம் கடுமையானவை.

அமெரிக்காவில் பண்பலையில் ஒரு பாடலை ஒலிபரப்பினால் இயற்றியவர்களுக்கு உரிமத்தொகை உண்டு. ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் பாடகருக்கும் கிடையாது. அது நியாயமா என்பது தனியாகப் பேச வேண்டியது. இணையத்தில் அவர்களுக்கும் கொடுக்க வேண்டும், அதை சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு வசூலிக்கிறது. கல்வி நிலையங்களுக்குக் குறைந்த ஆண்டுக் கட்டணத் திட்டம் இருக்கிறது என்றாலும், அது மாதத்திற்கு 1,59,140 கேட்பு மணிநேரம் (ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்று) என்ற வரம்புக்குள் நிற்பவர்களுக்கே. இரவு பகலாகச் சராசரி 218 பேர் கேட்டால் அந்த வரம்பு வந்துவிடும். பண்பலையில் ஆயிரம் பேர் கேட்டாலும் பதினாயிரம் பேர் கேட்டாலும் செலவு ஒன்றுதான்.

அடுத்தது நம் நிகழ்ச்சிகளை நேராகத் தொடுவது. இணைய ஒலிபரப்புக்கான சட்டப்பூர்வ உரிமத்தின்படி மூன்று மணி நேரத்திற்குள் ஒரே இசைத்தொகுப்பிலிருந்து மூன்று பாடல்களுக்கு மேல் போடக்கூடாது, அவற்றிலும் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வரக்கூடாது. ஒரே கலைஞரின் பாடல்கள் என்றால் நான்கு வரை, அவற்றில் மூன்று வரை அடுத்தடுத்து. 'இன்று ஒரு படம்' என்று அறிவித்துவிட்டு ஒரு திரைப்படத்தின் ஐந்தாறு பாடல்களையும் கதைக்குறிப்போடு வழங்குவது நம்மவர்களுக்கு வழக்கமான, கேட்பவர்கள் விரும்பும் வடிவம். பண்பலையில் அதற்குத் தடையில்லை. இணையத்தில் அந்த உரிமத்தின் கீழ் அதைச் செய்ய முடியாது. மறைந்த பாடகருக்கு இரண்டு மணி நேர அஞ்சலி நிகழ்ச்சி செய்வதற்கும் இதே சிக்கல். உங்கள் நிலையம் இப்போதே இணையத்திலும் ஒலிக்கிறது என்றால், அந்த இணைய ஒலிபரப்புக்கு இந்த விதிகள் இப்போதே பொருந்தும் என்பதையும் ஞாயிறு அணியினரிடம் சொல்லிவிடுங்கள். நிகழ்ச்சியின் பழைய பதிவுகளைத் தளத்தில் இரண்டு வாரத்திற்கு மேல் வைக்கக் கூடாது என்பதும் அதே தொகுப்பைச் சேர்ந்தது.

யார் கேட்கிறார்கள் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு இருக்க வந்த பெற்றோர் பலர் திறன்பேசியில் செயலி தேடித் திறப்பதில்லை. சமையலறையில் இருக்கும் வானொலியின் குமிழை ஒருமுறை நம் அலைவரிசையில் வைத்தால் அதை மாற்றுவதுமில்லை. 2017 அக்டோபரில் சொனோமா வட்டாரத்தைக் காட்டுத்தீ சூழ்ந்தபோது, சாண்டா ரோசாவின் சமூக வானொலியான கே.பி.பி.எஃப். ஸ்பானிய மொழியில் அவசரத் தகவல்களைத் தந்தது. கைபேசிக் கோபுரங்கள் எரிந்து இணையம் துண்டிக்கப்பட்ட நேரத்திலும் மின்கலத்தில் ஓடும் பெட்டியும் காரிலுள்ள வானொலியும் கேட்கும். ஆங்கிலம் சரளமாக வராத மக்கள் வாழும் ஊரில் ஒரு சமுதாயக் கல்லூரியின் பண்பலை எதற்கு என்று கேட்கும் அறங்காவலருக்கு இதைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி 4: ஊடகவியல் ஆசிரியர்

மேலே உள்ளவர்களுடன் உடன்படுகிறேன், ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாள் முழுவதும் கணினி தானாகப் பாடல்களை ஓட்டிக்கொண்டிருக்க, மாலையில் மட்டும் ஓரிரு மணி நேரம் மாணவர்கள் வந்து போகும் நிலையத்தை 'மாணவர் வானொலி' என்று சொல்லி அறங்காவலர்களின் முன் நிற்க முடியாது. அவர்கள் முதலில் கேட்கப்போவது அட்டவணையைத்தான். அதில் உயிருள்ள குரல்கள் எத்தனை மணி நேரம் என்பதை நீங்களே முதலில் எண்ணிப் பாருங்கள்.

சமுதாயக் கல்லூரியின் பலவீனமாகச் சொல்லப்படும் தன்மையில்தான் அதன் பலம் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. மாணவர்கள் இரண்டாண்டில் போய்விடுகிறார்கள், உண்மை. ஆனால் அதே கல்லூரியில் பகலில் வேலை பார்த்து மாலையில் படிக்கும் செவிலியரும், ஓய்வு பெற்றபின் ஒரே ஒரு பாடத்தில் சேரும் பெரியவரும் மாணவர்கள்தாம். லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸில் உள்ள ஃபுட்ஹில் கல்லூரியின் கே.எஃப்.ஜே.சி. 1959 முதல் 89.7இல் ஒலித்துவருகிறது, மாணவர்களோடு ஊர்த் தன்னார்வலர்களும் நீண்ட காலம் தங்கியிருப்பதே அதன் நினைவாற்றல். 1983இல் ஒரே பாட்டின் பல நூறு வடிவங்களை 63 மணி நேரம் இடைவிடாமல் ஒலிபரப்பிய துணிச்சலும் அப்படிப்பட்ட கூட்டத்திடமிருந்தே வரும். உங்கள் ஞாயிறு தமிழ் அணியினரை ஏதேனும் ஒரு வானொலிப் பாடத்தில் சேரச் சொல்லுங்கள். சேர்க்கை எண்ணிக்கை கல்லூரி நிதியோடு தொடர்புடையது என்பதால், அது நிர்வாகத்திற்கு நன்றாகப் புரியும் வாதம்.

விளம்பரம் போட்டுப் பணம் திரட்டலாம் என்று யாராவது சொன்னால் கவனமாக இருங்கள். வணிக நோக்கமற்ற நிலையத்தில் ஆதரவாளரின் பெயரையும், அவர் என்ன செய்கிறார் என்பதையும் சொல்லலாம். விலை சொல்வதும், 'இன்றே வாருங்கள்' என்று அழைப்பதும், மற்றவரைவிடச் சிறந்தவர் என்று புகழ்வதும் கூடாது. இந்த எல்லைக்குள் நின்றே கோபுர வாடகையின் ஒரு பகுதியைத் திரட்டும் நிலையங்கள் பல உள்ளன.

கூட்டத்தில் பேசப்போவது யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். பொதுமக்கள் பேச்சுக்கு ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும், ஆகவே பத்துப் பேர் ஒரே உணர்ச்சியைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் பயனில்லை. உரிமம் திரும்ப வராது என்பதை ஒருவரும், காலாண்டுப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு ஊருக்கு என்ன செய்தோம் என்பதை ஒருவரும், ஐந்தாண்டுச் செலவுக் கணக்கை ஒருவரும் பேசட்டும். தமிழ் நிகழ்ச்சியைக் கேட்கும் பெரியவர் ஒருவர் வந்து, மொழிபெயர்ப்பாளர் துணையோடு தமிழிலேயே பேசினாலும் நல்லது. அதற்கு முன்கூட்டியே மாவட்ட அலுவலகத்தில் சொல்லிவையுங்கள். விற்பனை குறித்த முடிவை ஓராண்டு தள்ளிவைத்து, அதற்குள் நிலையம் எட்ட வேண்டிய இலக்குகளை எழுத்தில் தரும்படி கேட்பது நியாயமான, மறுக்கக் கடினமான கோரிக்கை. அந்த இலக்குகளில் ஒன்றாக, பொறுப்பிலிருந்து விலகும் ஒவ்வொருவரும் தம் வேலையை எழுதிவைத்துவிட்டே போக வேண்டும் என்பதை நீங்களே முன்மொழியுங்கள்: கடவுச்சொற்கள் யாரிடம், வாராந்திர அவசர எச்சரிக்கைச் சோதனை எந்தக் கருவியில், பொறியாளரின் எண் எது, காலாண்டுப் பட்டியலை யார் ஏற்றுகிறார்கள் என்பது வரை. உங்கள் பங்கை இந்தப் பருவத்திலேயே எழுதத் தொடங்குங்கள்.